வாழத் தகாத மண்

ஜூன் 12, புதன்

இன்று சொல்லாமல் விட்டது: நானும் கால்வாய்க்கரைதான்.

மத்தியானம் நாலு பேர் நான் டைப் அடிக்கிற ஜெராக்ஸ் கடைக்கு வந்தார்கள். காலடிப்பேட்டையில் மூடிக் கிடக்கிற பெயின்ட் கம்பெனிக்குப் பின்தெருக்காரர்கள். கையில் செய்தித்தாளிலிருந்து கத்தரித்த விளம்பரம். கம்பெனி இடத்தைத் தொழில் பகுதியிலிருந்து குடியிருப்புப் பகுதியாக மாற்றி, கால்வாய்க்கரைக் குடும்பங்களுக்கு அரசு வீட்டு வாரியம் அடுக்குமாடி கட்டப்போகிறது; ஆட்சேபனை உள்ளவர்கள் இருபத்தொரு நாளுக்குள் எழுதித் தரலாம். அந்த ஆட்சேபனையைத்தான் அடித்துத் தர வேண்டும். டோல்கேட் ஏரியாவில் தமிழைப் பிழையில்லாமல் அடிக்கிற பெண் ஹபீபுல்லா பாய் கடையில் இருக்கிறாள் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

தெரு நலச்சங்கத்துச் செயலாளர் ஜெயவேல் சொல்லச் சொல்ல அடித்தேன். ஹார்பரில் கிளியரிங் ஏஜென்ட். நல்ல கனத்த குரல். "கால்வாக்கரை சனம் வந்துச்சின்னா தெருவே கலீஜ் ஆய்டும்மா. அத அப்டியே எய்தாத. நாசூக்கா எய்து."

நாசூக்காக எழுதினேன். 'சமூக அமைதிக்குக் குந்தகம்.'

அவர் மனைவி குணசுந்தரி என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு பழைய ஃபைலால் தனக்கும் எனக்கும் சேர்த்து விசிறிக்கொண்டிருந்தாள். "பாவம், வேர்த்துக் கொட்டுது புள்ளைக்கு. உன்ன மாதிரி அடக்கமா, படிச்ச புள்ளைங்க வந்தா யாரு வாணாம்ன்றா? அதுங்க வந்தா வாசல்ல ஒரு செருப்பு வெக்க முடியுமா, சொல்லு?"

குனிந்து என் செருப்பைப் பார்த்தேன். வண்ணாரப்பேட்டையில் அம்மா அரை மணி நேரம் பேரம் பேசி வாங்கித் தந்தது.

பாய் கல்லாவிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு என் வீடு தெரியும். அவரும் வாய் திறக்கவில்லை. 'கடைக்கு வர்ற காயிதம் அமானிதம் மா' என்பது அவருடைய ஒரே சட்டம். நம்பிக் கொடுத்ததைப் பற்றி வெளியில் பேசக் கூடாது, காட்டக் கூடாது, சிரிக்கக்கூடக் கூடாது.

நான் ஏன் சொல்லவில்லை? பயமா? இல்லை. சொல்லியிருந்தால் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டிருப்பார்கள். அந்த மன்னிப்பு எனக்கு வேண்டாம்.

ஜூன் 13

அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. வாரியத்திலிருந்து வந்த பெண் காட்டிய வீட்டு வரைபடம் அவளுக்கு மனப்பாடம். பாபாசாகேப் படத்தை எந்தச் சுவரில் மாட்டுவது என்பது வரை முடிவாகிவிட்டது.

"காலடிப்பேட்டன்னா ஒரே பஸ்ஸுடி. ஏறிக் குந்துனா ஆஸ்பத்திரி வாசல். நைட் டூட்டி முட்சிகினு வந்து பால்கனில காலு நீட்டிகினு ஒரு டீ. அவ்ளோதான் நான் கேக்கறது."

ராயபுரத்தில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் அம்மா ஆயா. இந்த இடம் இல்லையென்றால் என்ன ஆகும் என்று எங்கள் வரிசையில் எல்லாருக்கும் தெரியும். போனமுறை கரையிலிருந்து எடுத்த குடும்பங்களை நகரத்தின் தென்கோடிக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து வடக்கே வேலைக்கு வந்து போனவர்கள் யாரும் நெடுநாள் தாங்கவில்லை.

'கட்டி முடிக்கும்வரை உங்களை எடுக்க மாட்டோம்' என்றுகூட அந்தப் பெண் சொன்னாளாம். என் அம்மா ரமாபாய் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஜூன் 14

அடித்து வைத்ததை மறுபடி படித்தேன். போக்குவரத்து நெரிசல், சாக்கடை அடைப்பு, சமூக அமைதி. எல்லாம் சொத்தை. எந்த அதிகாரியும் கொட்டாவி விட்டுக்கொண்டே ஒதுக்கிவிடுவான். ஒதுக்கினால் எங்களுக்கு நல்லதுதானே? பேசாமல் அதையே கொடுத்துவிட வேண்டியதுதானே?

முடியவில்லை. அந்தச் செருப்பு மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. நாளைக்கு எதிர்வீடு என்று ஆனபின்னும் இவர்கள் நல்லவர்களாகவே இருப்பார்கள். பார்த்தால் சிரிப்பார்கள். சொன்னது காற்றோடு போய்விடும். போகக் கூடாது.

ஜெயவேல் போகிறபோக்கில் சொன்ன ஒன்று ஞாபகம் வந்தது. "கம்பெனி ஓடசொல்ல கழிவுத் தண்ணிய இங்கயேதான் வுடுவான். எங்க போர்ல கூட மழைக்கு மழை பெயின்ட் வாசன வரும்." அப்போது அதை நான் அடிக்கவில்லை. இன்று அடித்தேன்.

கோபம் வந்தால் எனக்குக் கை நடுங்குவதில்லை. வாக்கியம் சுத்தமாக வரும். பத்து வயதிலிருந்து நூலகத்தில் படித்துக் கிழித்ததெல்லாம் இந்த ஒரு பக்கத்துக்குத்தானோ என்று தோன்றியது.

'எங்கள் தெருவையும் உள்ளடக்கிய இந்நிலம் முழுவதும் நஞ்சேறியது. மழை நின்ற மறுநாள் எங்கள் முற்றத்தில் தேங்குவது தண்ணீர் அன்று. அதற்கு நிறம் உண்டு, எரிச்சல் உண்டு. எங்கள் குழந்தைகளின் இருமலை நாங்கள் பழகிக்கொண்டோம். பழகாத குழந்தைகளை இங்கே கொண்டுவராதீர்கள். இம்மண் மனிதர் வாழத் தகாதது என்பதை, இங்கேயே வாழ்ந்துவரும் நாங்கள் எங்கள் பெயரும் கதவிலக்கமும் இட்டு உறுதி கூறுகிறோம்.'

என் கணக்கு எளிது. வீட்டின்மேல் வீடு கட்டி வாடகைக்கும் விட்டுக்கொண்டு, இங்கே மனிதர் வாழ முடியாது என்று எழுதிக் கொடுப்பவர்களைப் பார்த்து அதிகாரி சிரிப்பான். ஆட்சேபனை குப்பைக்குப் போகும். கையெழுத்து மட்டும் நிற்கும். தன் வீட்டைத் தானே விஷம் என்று எழுதிக் கொடுத்த கையெழுத்து.

மண் உண்மையிலேயே கெட்டிருக்கிறதா? யாரும் தோண்டிப் பார்த்ததில்லை. எனக்கும் தெரியாது.

ஜூன் 18

நேற்று பக்ரீத், கடை மூடல். இன்று காலையிலேயே வந்துவிட்டார்கள். ஜெயவேல் வாசித்தார். நடுவில் நிறுத்தி, ஒரு வரியைத் திரும்ப வாசித்தார்.

"இன்னா தமிழ்மா! நம்ம கஷ்டத்த அப்டியே புட்டு வெச்சிக்கீறே."

கூட வந்திருந்த லோகநாதன் என்கிற பெரியவர்தான் தயங்கினார். "ஏன்பா ஜெயவேலு, நம்ம தெருவயும் சேத்து எய்திக்கீதே. நம்ம போர் தண்ணியத்தான நம்ம குட்சிகினு கீறோம்?"

"யோவ் மாமு, அது வாய்ல குடிக்கிற தண்ணி. இது பேப்பர்ல கீற தண்ணி. கையெழுத்தப் போடு."

எல்லாரும் சிரித்தார்கள். குணசுந்தரி என் கன்னத்தைத் தடவி நெட்டி முறித்தாள். கதவிலக்கம் விடாமல் எழுதச் சொன்னேன். "அப்போதான் வலுவா இருக்கும்மா." வலுவாகத்தான் இருக்கட்டும்.

அவர்கள் போனபிறகு பாய், "நீ எய்துனத படிச்சா நானே கடைய காலி பண்ணிடுவேன் போல கீது மா" என்றார். பிறகு மெதுவாக, "உன் மனசுல இன்னாமா ஓடுது?" என்றார்.

ஒன்றுமில்லை பாய் என்றேன்.

ஜூன் 19

நல்ல தூக்கம். வெட்கமே இல்லை.

ஜூலை 11

கேட்டாயா செய்தியை! ஜெயவேல் வீட்டை விற்கிறார். மகனோடு அண்ணாநகர் பக்கம் போகிறாராம். தான் விட்டுப் போகப்போகிற தெருவுக்கா இத்தனை காவல்?

வாங்குகிற பையன் தமீம். கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. பேங்க் லோனுக்காகப் பத்திர நகல் எடுக்க, ஜெயவேல்தான் எங்கள் கடையைக் காட்டி அனுப்பியிருக்கிறார். பாய் தொழுகைக்குப் போயிருந்தார்.

"அக்கா, நீங்க இந்தப் பக்கம்தான? அந்தத் தெரு எப்டிக்கா? ஃபேமிலிக்கு சரியா இருக்குமா?"

நான் எதுவும் சொல்லவில்லை. இதுவும் ஒரு சொல்லாததுதான். கம்ப்யூட்டரில் அந்த ஆட்சேபனையைத் திறந்து, ஒரு பிரதி எடுத்து, அவன் நகல்களுக்கு நடுவில் வைத்து, ஓரம் தட்டி அடுக்கிக் கொடுத்தேன்.

அமானிதம். தெரியும். தெரிந்துதான் செய்தேன். பையனுக்கு நல்லதுதானே செய்திருக்கிறேன் என்று ஒரு நியாயம் வந்து நிற்கிறது. அதை நான் நம்பவில்லை. அவனுக்காகச் செய்யவில்லை.

ஆகஸ்ட் 6

இன்று விசாரணை. எங்கள் பக்கத்திலிருந்தும் சிலரைக் கூப்பிட்டிருந்தார்கள். அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு போனாள். நான் கடையிலிருந்து திரும்பி வந்தபோது வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"ஆபீஸரு அத சத்தமா படிச்சாருடி யசோ. எவன் எய்துனானோ, இன்னாமா எய்திக்கீறான்! 'பழகாத குழந்தைங்கள இங்க கொண்டாராதீங்க'ன்னு ஒரு எடம். அந்த மண்ல நம்ம போயி குந்தவாணாம்னு எனக்கே தோணிச்சி."

"ஆபீஸர் என்ன சொன்னாரு?"

"அங்கயே குடியிருக்கிறவங்களே எழுதிக் குடுத்திருக்காங்க, இதுக்கு மேல இன்னா சாட்சி வேணும்னாரு."

"யாரும் சிரிக்கலையா மா?"

"சிரிக்க இன்னாடி கீது அதுல?"

ஆகஸ்ட் 7

நன்றாக எழுதிவிட்டேன்.

ஆகஸ்ட் 15

கொடியேற்றம், மிட்டாய், விடுமுறை. நாள் முழுக்க எதையாவது படிக்கப் பார்த்தேன். பழிவாங்குகிறவர்கள் கதைகளில் எவ்வளவு தெளிவாக இருக்கிறார்கள்! அடி யார்மேல் விழும் என்று அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும். நான் ஒன்றை மறந்துவிட்டேன் — ஒரு வாக்கியம் நன்றாக வந்துவிட்டால் படிக்கிறவன் நம்புவான். அவ்வளவுதானே அதன் வேலை?

இன்னும் தீர்ப்பு வரவில்லை. மண்ணைத் தோண்டி ஆய்வுக்கு எடுக்கலாம். ஏதாவது நடக்கலாம்.

செப்டம்பர் 5, வியாழன்

ஜெயவேல் வந்தார். கிடங்குச் சரக்கு ஏலம் போன மாதிரி முகம்.

"அந்த தமீம் பையனுக்கு பேங்க்ல லோன் கெடையாதுன்னுட்டான். அந்தத் தெருக்காரங்களே வாழ லாயக்கில்லன்னு கையெழுத்துப் போட்டுக்கீறாங்களேன்றானாம். வேற ரெண்டு பார்ட்டி வந்துச்சி. அவுங்களுக்கும் தெரிஞ்சிபோச்சி. நீ வேற ஒண்ணு எய்துமா. மண்ணு தங்கம்னு எய்து."

திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கை சாவிப்பலகைமேல் சும்மா கிடந்தது.

"பையன் கைல அந்தப் பேப்பரு எப்டிமா போச்சி? டோல்கேட் கடைலதான் குட்த்தாங்கன்றான்."

பாய் நிமிர்ந்தார்.

"நான்தான் சார் கொடுத்தேன்."

"இன்னாத்துக்கு? நாங்க உனக்கு இன்னாமா பண்ணோம்?"

ஜூனிலிருந்து வாயில் அடக்கி வைத்திருந்ததைச் சொன்னேன். "என் வீடு கால்வாய்க்கரை, சார்."

அவர் முகம் எப்படி எப்படியெல்லாம் போகும் என்று எத்தனையோ தடவை ஒத்திகை பார்த்திருக்கிறேன். வெட்கம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

"அடிப்பாவி. அப்போ உனக்கு வர்ற வூட்டையும் சேத்துத் தானடி எய்துன?"

'மா' போய் 'டி' வந்துவிட்டது. அது நான் எதிர்பார்த்தது. கேள்வி எதிர்பாராதது.

சாயங்காலம் பாய் கூப்பிட்டார். கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். "அவுங்க பேசுனது தப்புதான் மா. அதுக்கு என் கடைல வெச்சி செஞ்சிட்டியே. நாளைலேர்ந்து வராத, யசோதரா." என் பெயரை முழுசாக அவர் சொன்னது இதுதான் முதல் தடவை.

நடந்தே வீட்டுக்கு வந்தேன். ஆனால் ஒன்று. இதை எழுதாவிட்டால் இந்த நோட்டுக்கு அர்த்தமில்லை. ஜெயவேல் படி இறங்கும்போது கால் தடுமாறி, கம்பியைப் பிடித்துக்கொண்டார். பார்த்தேன். நன்றாக இருந்தது.

அக்டோபர் 22

உத்தரவு வந்துவிட்டது. கம்பெனி இடம் தொழில் பகுதியாகவே நீடிக்கும். குடியிருப்புத் திட்டம் ரத்து. எங்களுக்குத் தெற்கே.

அம்மா வரைபடத்தை மடித்து அரிசி டின்னுக்கு அடியில் வைத்தாள். அதை ஏன் வைக்கணும்? கிழிச்சிப் போட வேண்டியதுதானே. கிழிச்சிப் போடேன் மா. சொல்லவில்லை. இதையும் சொல்லவில்லை. 'எவன் எய்துனானோ' என்று இன்றைக்கும் ஒருமுறை சொன்னாள். சாபம்கூட விடவில்லை. வியப்புதான் அந்தக் குரலில்.

நவம்பர் 20

லாரி வந்தது. மழைத்தூறல். பாபாசாகேப் படத்தை அம்மா மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

டிசம்பர் 3

ஒன்பதாவது மாடி. லிப்ட் பாதி நாள் ஓடுவதில்லை. அம்மா இருட்டில் கிளம்புகிறாள், இருட்டில் வருகிறாள். பால்கனி இருக்கிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

பாய் போன் செய்தார். அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்கத்தான். கோபம் தீர்ந்ததா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்தப் பக்கத்துச் செய்தி கேட்டேன்.

பெயின்ட் கம்பெனி இடம் இப்போது கன்டெய்னர் யார்டு. தொழில் பகுதி என்பதால் யாரும் தடுக்க முடியவில்லை. டிரெய்லர் வண்டிகள் பின்தெரு வழியாகத்தான் போகின்றன, ராத்திரி பகல் கிடையாது. ஜெயவேல் வீட்டில் 'விற்பனைக்கு' பலகை தொங்குகிறது, கேட்பார் இல்லை. போன வாரம் ஒரு டிரெய்லர் திரும்பும்போது அவர்கள் வாசற்படியை இடித்துக்கொண்டு போய்விட்டது.

"வாசல்ல ஒரு செருப்பு வெக்க முடியல மா அந்தம்மாவால" என்றார் பாய். குணசுந்தரி அன்றைக்குச் சொன்னது அவருக்கு ஞாபகம் இருந்ததா, தற்செயலா, தெரியவில்லை.

சத்தமாகச் சிரித்துவிட்டேன். உள்ளே அம்மா எதற்கு என்று கேட்டாள்.

அம்மா நேற்றோடு வேலையை விட்டுவிட்டாள்.