ஆடு கடிக்காத மரங்கள்

இங்வாவுமா,
11 ஜூலை 1999

அன்புள்ள தங்கை பிலிசிவேக்கு,

அண்ணன் முஸிவாகே எழுதுவது. வீட்டில் எல்லோரும் நலம். டர்பன் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நின்று நின்று கால் வீங்குகிறது என்று எழுதியிருந்தாயே, இப்போது எப்படி இருக்கிறது?

இங்கே இந்த வருஷம் குளிர் கொஞ்சநஞ்சமில்லை. சோளம் சுமார்தான். சேப்பங்கிழங்கு மட்டும் நன்றாக வந்தது. பஸ் டிரைவரிடம் ஒரு பை கொடுத்திருக்கிறேன், சனிக்கிழமை போய் வாங்கிக்கொள்.

ஊர் முழுக்க இருமல். கடைக்கார மகாயே ஒரு மாதம் படுக்கையில் கிடந்தான். என் மருந்துக்குப் பிறகு எழுந்து கடையைத் திறந்துவிட்டான். பஸ் நிற்குமிடத்தில் போகிறவன் வருகிறவனிடமெல்லாம், "மலை மருந்துன்னா அது நியாவோ வைத்தியர்கிட்டதான்யா இருக்கு, மத்தவன்லாம் மரத்தூள் விக்கிறான்" என்று நம் குடும்பப் பெயரைச் சொல்லிப் பேசுகிறானாம். பெருமைக்காக இதை எழுதவில்லை. உனக்கும் தெரியட்டும் என்றுதான்.

உன் தோட்டத்து விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். தெற்குப் பக்க வேலி ஓரிடத்தில் சாய்ந்துவிட்டது. நான் ஒரு நோயாளியைப் பார்க்க வெளியூர் போயிருந்த நேரம், ஆடுகள் உள்ளே புகுந்து மரங்களைக் கடித்துவிட்டன. ஒன்பது மரம் பட்டுப்போய்விட்டது. இரண்டு தேறலாம். யார் வீட்டு ஆடு என்று தெரியவில்லை. விசாரித்துக்கொண்டிருக்கிறேன். மீதி முப்பத்திரண்டும் நன்றாக இருக்கின்றன.

சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாய். இப்படி ஆகிவிட்டதே என்று எனக்கும் வருத்தம்தான். அந்தக் காலத்தில் கூட்டத்தில் நான் பேசியதையும் இதையும் சேர்த்து எதுவும் நினைத்துவிடாதே. அது தொழில் பேச்சு, வீட்டுப் பேச்சு அல்ல.

உடம்பைப் பார்த்துக்கொள். நம் மறைந்த மூத்தோர் உன்னைக் காக்கட்டும்.

அன்பு அண்ணன்,
முஸிவாகே


இங்வாவுமா,
21 நவம்பர் 1999

பிலிசிவேக்கு,

நீ பஸ்ஸில் அனுப்பிய முள்கம்பிச் சுருள் ஆகஸ்டிலேயே வந்து சேர்ந்தது. கூட வந்த கடிதமும் கிடைத்தது. மூன்று மாதமாக நான் பதில் எழுதவில்லை. "ஆடு வாயில்லாத ஜீவன், அதுக்கு என்ன தெரியும். நீ மனச விட்டுடாத அண்ணா" என்று எழுதியிருந்தாய். அந்த வரியை ஒரு தடவைக்கு மேல் படிக்க முடியவில்லை. கம்பிச் சுருளை வீட்டுக்குப் பின்னால் சாக்குப் போட்டு மூடி வைத்தேன். என் மனைவி, "தங்கச்சி அனுப்பினத ஏன் ஒளிச்சு வக்கிறீங்க?" என்று கேட்டாள். மழை வரப்போகிறது, துருப்பிடிக்கும் என்றேன். அப்போது வானத்தில் மேகமே இல்லை.

உன் தோட்டத்துக்குள் எந்த ஆடும் வரவில்லை. ஆட்டுக்குக் கத்தி பிடிக்கத் தெரியாது. ஒன்பது மரத்தையும் உரித்தவன் நான்.

எழுதிவிட்டேன். இனி எப்படி நடந்தது என்று சொல்கிறேன். இதில் எங்கேயாவது நான் என்னை நல்லவனாகக் காட்டுவது போல் தெரிந்தால் அந்த இடத்தை நம்பாதே.

நாலு வருஷத்துக்கு முன்னால், ஊர்த்தலைவர் வீட்டு மாட்டுப்பட்டி ஓரத்தில் வைத்தியர்களெல்லாம் கூடியபோது, நீ பால் டின்களில் அறுபது இசிபாஹா கன்று கொண்டுவந்தாய். மலையில் இருக்கிற மரத்தையெல்லாம் இருமல் மருந்துப் பட்டைக்காக உரித்துத் தீர்த்துவிட்டோம், ஆளுக்கு ரெண்டு கன்று நடுங்கள், காசு வேண்டாம் என்றாய். வைத்தியர்களுக்குத் தலைவன் என்று எழுந்து நின்று பேசினேன். "பாம்புக்கும் பாறைக்கும் நடுவுல, யாரும் தண்ணி ஊத்தாம வளந்தாத்தான் அது மருந்து. நீ டின்னுல வளக்கிறது கீரை. வேணும்னா கொழம்பு வை" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஒருவரும் ஒரு டின்கூட எடுக்கவில்லை. நீ தள்ளுவண்டியில் மூன்று நடை போய் எல்லாவற்றையும் திருப்பி எடுத்துக்கொண்டு போனாய். மூன்றாவது நடையில் வண்டிச் சக்கரம் பள்ளத்தில் மாட்டிக்கொண்டது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவற்றை உன் தோட்டத்திலேயே நட்டாய், நாற்பத்துமூன்று பிழைத்தன. அன்றிலிருந்து ஊர் உன்னைக் கீரைக்காரி என்றது. நீ டர்பனுக்குப் போனது வேலைக்காக மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

நீ போன அடுத்த குளிர்காலத்தில் மலையில் தெரிந்த கடைசி மரத்தையும் நான்தான் உரித்தேன். சுற்றிலும் உரித்தால் மரம் சாகும் என்று தெரியாதவனா நான்? நான் விட்டால் இன்னொருவன் எடுப்பான் என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் நியாயம்.

இந்த வருஷம் மகாயே இருமலோடு வந்தபோது என்னிடம் ஒரு துண்டுப் பட்டை இல்லை. இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. உன் தோட்டத்துச் சாவி என் சட்டைப்பையில் இருந்தது. போய் ஒரு இலையைப் பறித்து மென்று பார்த்தேன். நாக்கு எரிந்தது. கண்ணில் நீர் வந்தது. மலைப்பட்டை எப்படி எரியுமோ அப்படியே, கொஞ்சமும் குறையவில்லை. நீ சொன்னது சரி என்று அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இலையைக் காய வைத்து இடித்துக் கொடுத்தேன். ஆஸ்பத்திரி மாத்திரையையும் அவன் விழுங்கிக்கொண்டிருந்தான். எது அவனை எழுப்பியது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவன் மலை மருந்து என்று ஊரெல்லாம் சொன்னபோது நான் தலையை ஆட்டினேன்.

இலையோடு நிறுத்தியிருந்தால் மரம் பிழைத்திருக்கும். மகாயே சொல்லிக் கேட்டு வந்த நோயாளிகள் பட்டையைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார்கள். பாதையிலிருந்து தெரியாத பக்கமாக ஒரு கையகலம் உரித்தேன். பிறகு இன்னொரு கையகலம். ஜூனுக்குள் ஒன்பது மரத்தைச் சுற்றிலும் முழுக்க உரித்துவிட்டேன். மொத்தம் பதினோரு மரத்தில் கத்தி வைத்தேன். அப்புறம் உட்கார்ந்து உனக்கு ஆட்டுக் கதை எழுதினேன்.

இதோடு முடிந்திருந்தால் இன்றைக்கும் எழுதியிருக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது. மாசிபியாவை உனக்கு நினைவிருக்கும். பட்டை சேகரித்து டர்பன் சந்தைக்கு மூட்டை கட்டுகிறவள், புருஷன் செத்த பிறகு தனியாக இருப்பவள். செப்டம்பரில் என்னிடம் வந்து, "வைத்தியரே, உங்களுக்கு மட்டும் எங்கருந்து கெடக்குது? நான் மூணு மாசமா வெறும் சாக்கோட எறங்கி வரேன்" என்று கேட்டாள். வாயில் வந்ததைச் சொன்னேன். பொங்கோலா ஆற்றுப் பக்கம், பெரிய பாறைச் சரிவில், கழுகு உட்காருமே, அதுக்கு மேலே ஒரு மரம் இருக்கிறது என்றேன். அவ்வளவு உயரத்துக்கு அவள் போகமாட்டாள் என்று நினைத்தேன்.

அவள் போனாள். ஒரு பகலும் ஓர் இரவும் வீடு திரும்பவில்லை. தேடக் கிளம்பியவர்கள் ஓடைப் பக்கம் போனார்கள். நான் யாரிடமும் கேட்காமல் நேரே பாறைச் சரிவுக்குப் போனேன். அங்கேதான் கிடந்தாள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. என்னைப் பார்த்ததும், "எப்பிடி சரியா இங்க வந்தீங்க? உங்க மூத்தவங்க காட்டிக் குடுத்தாங்களா?" என்றாள். நான் ஓடைப் பக்கம் போனவர்களைக் கூவி அழைத்தேன். கம்பளியில் போட்டு நாலு பேர் தூக்கிவந்தோம். வழியெல்லாம் என்னைத்தான் புகழ்ந்துகொண்டு வந்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். புளித்த பாலும் ரொட்டியும் கொண்டுபோனேன். அவள் என்னைப் பார்த்ததும் கட்டிலில் எழுந்து உட்காரப் பார்த்தாள், முடியவில்லை. "என்னை மன்னிச்சிருங்க வைத்தியரே. உங்க மரத்தத் தேடி, நீங்க எடுத்துக்கோன்னு சொல்லாமலே போனது என் தப்பு. அதான் விழுந்தேன்" என்றாள்.

பிலிசிவே, அப்போதும் நான் சொல்லவில்லை. பரவாயில்லை, உடம்பைப் பாருங்கள் என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வாசல் வரை போய்த் திரும்பினேன். மறுபடி வெளியே போனேன். அங்கே தரை துடைக்கிற பெண், "உள்ள போறீங்களா, வெளிய போறீங்களா? ஈரத்துல மிதிக்காதீங்க" என்று அதட்டினாள். மூன்றாம் தடவை உள்ளே போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் நான் கொண்டுபோன ரொட்டியைத் தள்ளி வைத்தாள். பிறகு, "அப்ப அங்க மரமே இல்லியா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.

"விழுந்து கெடந்தப்பக்கூட மேலயே பாத்துக்கிட்டு கெடந்தேன். எங்கயாவது எல தெரியுதான்னு" என்றாள்.

நான் அழுதேன். அவள் அழவில்லை. "எங்கிட்ட அழாத. நீ அழுது என் இடுப்பெலும்பு ஒண்ணு சேராது. நீ யார் தோட்டத்துல திருடினயோ அவளுக்கு எழுது. அதுக்கு முன்னால, நாலு பேர அவளப் பாத்துச் சிரிக்க வச்சேல்ல, அதே நாலு பேர் முன்னால நின்னு சொல்லு" என்றாள். அதுவரை என்னை நீங்கள் என்றே சொல்லிக்கொண்டிருந்தவள், அன்றைக்கு ஒருமைக்கு மாறியவள்தான், இன்றுவரை மாற்றவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அதே மாட்டுப்பட்டி ஓரத்தில் வைத்தியர்களும் ஊர்க்காரர் சிலரும் கூடினார்கள். எழுந்து நின்றேன். முதலில் பேசியது பக்கத்தில் இருந்தவனுக்குக்கூடக் கேட்கவில்லை. மகாயேதான், "சத்தமா பேசுங்க வைத்தியரே, காசு கேக்கிறப்ப நல்லாத்தானே கேக்குது" என்றான். சிரித்தார்கள். சொல்லி முடித்தபோது யாரும் சிரிக்கவில்லை. மகாயே எழுந்து, "அப்ப நான் குடிச்சது உங்க தங்கச்சியோட கீரையா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். "எந்திரிச்சு நடந்தேனேய்யா" என்றான். அதைக் கோபத்தில் சொன்னானா ஆச்சரியத்தில் சொன்னானா என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. இரண்டு பேர் காறித் துப்பிவிட்டுப் போனார்கள். தலைவன் பொறுப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். அது நியாயம். போகிற நேரத்தில் குமேடே வைத்தியர் மட்டும் கிட்டே வந்து, தரையைப் பார்த்துக்கொண்டே, "மிச்சம் எத்தன மரம் நிக்குது?" என்று கேட்டார். அவருக்குப் பின்னால் இன்னும் ஐந்து பேர் போகாமல் நின்றார்கள்.

அடிபட்ட இரண்டில் ஒன்று தேறிவிட்டது, பட்டை ஓரங்களில் மூடிவருகிறது. மற்றதற்கும் துளிர் வந்திருக்கிறது. முப்பத்திநாலு நிற்கின்றன என்று நம்பலாம். முள்கம்பியைத் திங்கட்கிழமை கட்டி முடித்தேன்.

இப்போது ஒரு விஷயம். ஆறு மரம் இந்த வருஷம் முதல் தடவையாகக் காய்த்திருக்கிறது. பச்சைக் காய், எலுமிச்சையை விடச் சிறிது. குரங்குகள் மோப்பம் பிடித்துவிட்டன. விடிந்ததிலிருந்து தகரத்தைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கீழே விழுந்த சிலதை எடுத்து, சோள விதை மாதிரி வெயிலில் காய வைத்து ஊன்றினேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. நீ எப்படி அறுபதை முளைக்க வைத்தாய் என்று எனக்குத் தெரியாது. ஒருநாளும் கேட்டதில்லை. குமேடே கேட்கிறார், மற்றவர்கள் கேட்கிறார்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பழம் பழுக்க இன்னும் இரண்டு மூன்று வாரம்தான் இருக்கும் போல.

தோட்டத்துச் சாவி இப்போது மாசிபியாவிடம் இருக்கிறது. அவள் தடியூன்றி நடக்கிறாள், மலையேற இனி முடியாது. உன் தோட்டத்து மரங்களையும் இனி முளைக்கிற கன்றுகளையும் பார்த்துக்கொள்ள அவளுக்குச் சம்மதம், நீ சரி என்றால்.

உன்னைத் திரும்பி வா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. அதைக் கேட்டால் நீ கொடுத்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும், உன் குணம் அப்படி. எனக்கு அது இப்போது வேண்டாம். விதையை எப்போது எடுக்க வேண்டும், எப்படி ஊன்ற வேண்டும், அதை மட்டும் எழுது. எனக்கு எழுத வேண்டாம். மாசிபியா பெயருக்கு எழுது, அவளுக்குப் படிக்கத் தெரியும். அவள் எல்லோருக்கும் படித்துச் சொல்லும்போது, அனுமதித்தால் நானும் பின்னால் நின்று கேட்டுக்கொள்கிறேன்.

கால் வீக்கம் குறைந்ததா என்பதையும், முடிந்தால், அதில் ஒரு வரி சேர்த்துவிடு.

நம் தாய் வயிற்றில் உனக்கு முன்னால் பிறந்தவன்,
முஸிவாகே