வடக்கு ஃபேன் பக்கம்

பிப்ரவரி 2, ஞாயிறு

இன்றைக்கும் தாம்பரம் ஸ்டேஷனில் தப்பான பக்கமாக வெளியே வந்துவிட்டேன். டெனிஸ் பைக்கோடு மேற்குத் தாம்பரத்தில் நிற்கிறார். நான் இரண்டு கட்டைப் பைகளோடு கிழக்குத் தாம்பரத்தில் நிற்கிறேன். "அங்கயே இரு, அசையாத" என்றார் போனில், திருவிழாவில் தொலைந்த பிள்ளையிடம் சொல்கிற மாதிரி. இரும்புலியூர் வீடு வந்து சேரும்வரை சிரிப்பு வேறு.

"நாலாங்கிளாசுக்கு சோஷியல் மிஸ்ஸுன்னு வெளிய யார்கிட்டயும் சொல்லிடாத கிறிஸ்டி."

கட்டிக்கொண்ட புருஷன் பேசுகிற பேச்சா இது?

பிப்ரவரி 4, செவ்வாய்

வயிறு எரிகிறது. எழுதினால்தான் ஆறும்.

எச்.எம். மேடம் கூப்பிட்டு உட்கார வைத்தார். உட்கார வைத்தாலே விஷயம் சரியில்லை என்று அர்த்தம். ஜூனிலிருந்து நான்காம் வகுப்புக்கு ரோபோடிக்ஸ் வருகிறதாம். கம்ப்யூட்டர் சார் கிரீஷ் எடுப்பார். பீரியடுக்கு எங்கே போவது? வேறெங்கே, என் சோஷியலில்தான்! வாரத்தில் நாலு பீரியடில் இரண்டு போகிறது. மீதி இரண்டை வேறு யாராவது பார்த்துக்கொள்வார்களாம். எனக்கு யு.கே.ஜி.

மேத்ஸில் கை வைக்கட்டுமே பார்ப்போம். மறுநாள் காலையில் அப்பா அம்மா எல்லாரும் கேட்டில் நிற்பார்கள். சோஷியல் என்றால் கேட்க நாதியில்லை. பிள்ளைகள் ஊர் உலகம் தெரியாமலே வளரட்டும், எனக்கென்ன... எனக்கென்னவா? எனக்குத்தான் எல்லாம்.

ஒரே ஒரு வழி விட்டிருக்கிறார்கள். தாளாளர் ஜீவரத்தினம் சார் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை என் வகுப்பில் வந்து உட்காருவார். பார்த்துவிட்டு முடிவு சொல்வாராம்.

ஸ்டாஃப் ரூமில் கிரீஷ் தயங்கித் தயங்கி வந்தான். "சத்தியமா நான் கேக்கல மிஸ். அவங்களாதான்..." என்று பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினான். எடுத்துக்கொண்டேன். கோபம் வேறு, பிஸ்கட் வேறு.

பிப்ரவரி 6, வியாழன்

இந்தியா மேப்பைத் துடைத்துக் கரும்பலகை மேல் மாட்டியாயிற்று. மாநிலம், தலைநகரம் எல்லாம் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள் என் சிங்கங்கள். அஸ்ஸாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் திஸ்பூர் வந்து விழுகிறது. சார் அசந்துவிடுவார்.

பிப்ரவரி 7, வெள்ளி

அசந்தது நான்.

கடைசிப் பத்து நிமிடம் மிச்சமிருந்தது. சும்மா இருந்திருக்கலாம். "வடக்கு எங்க இருக்கு, எல்லாரும் கை காட்டுங்க" என்றேன். மொத்த வகுப்பும் ஃபேனைக் காட்டியது.

முதலில் விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். இல்லை. முன்பல் விழுந்த ஏஞ்சல் எழுந்து, "நீங்கதானே மிஸ் சொன்னீங்க, வடக்கு மேலேன்னு" என்றாள்.

சொன்னேன்தான். மேப்பில் மேலே. மேப் தொங்குவது சுவரில்!

"அப்ப தெற்கு?" எல்லா விரல்களும் தரையை நோக்கின.

"கன்னியாகுமரி?"

"பெஞ்சுக்கு அடியில மிஸ்." ஒருத்தன் காலைத் தூக்கிக் குனிந்து பார்த்தும் விட்டான்.

விழுந்து விழுந்து சிரித்தேன். அவர்களும் காரணம் தெரியாமல் சிரித்தார்கள். அப்போதுதான் ஜீவிதா கேட்டாள். அவள் அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார்.

"மிஸ், மேப்புல கடலு இந்தப் பக்கம் கீது. எங்கப்பா மேடவாக்கத்துக்கு அந்தப் பக்கமா போறாரு. மேடவாக்கம் தாண்டித்தானே மிஸ் கடலு?"

மேப்பில் கடல் வலது பக்கம். அவள் காட்டியதோ இடது ஜன்னல். நான் வலது பக்கம் பார்த்தேன், இடது பக்கம் பார்த்தேன். சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்றேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம், நாளைக்கு சனிக்கிழமை.

பிப்ரவரி 8, சனி

போனில் திசைகாட்டி இருக்கிறது. கிரைண்டர் பக்கத்தில் வைத்தால் ஒன்று சொல்கிறது, ஃபிரிட்ஜ் பக்கத்தில் வைத்தால் வேறொன்று சொல்கிறது. டெனிஸிடம் கேட்டால் ஒரு நொடியில் சொல்லிவிடுவார். கேட்பேனா? மாட்டேன்.

பிப்ரவரி 10, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன்! நான் எங்கே கண்டுபிடித்தேன், ஏஞ்சல்தான்.

காலை ப்ரேயர். ஜெபம் ஆரம்பிக்கும் முன்னாலேயே கண்ணை இறுக மூடிக்கொண்டு நிற்கிறாள். என்னடி இவ்வளவு பக்தி என்று பக்கத்தில் போய்க் கேட்டால், "கண்ணு கூசுது மிஸ்" என்கிறாள்.

கூசத்தானே செய்யும், எதிரே சூரியன்! தினமும் காலையில் மொத்தப் பள்ளியும் கிழக்கைப் பார்த்து நின்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு பாடுகிறோம். ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. எனக்கும்தான்.

என் பீரியடில் எல்லாரையும் மறுபடி மைதானத்துக்கு ஓட்டிக்கொண்டு போனேன். "ப்ரேயர்ல நிக்கிற மாதிரியே நில்லுங்க. இப்ப இடது கையை நீட்டுங்க." கை நீண்ட பக்கம் தண்ணி டேங்க். அதுதான் வடக்கு. வலது பக்கம் கேட், தெற்கு. முதுகுக்குப் பின்னால் தாம்பரம், மேற்கு. முகத்துக்கு நேரே மேடவாக்கம், அப்புறம் கடல். ஜீவிதா, "அதான் நான் சொன்னேன்ல!" என்று குதித்தாள்.

டேங்க்கைக் காட்டிய கையை இறக்காமல் வகுப்புக்குத் திரும்பி நடக்க வேண்டும் என்று ஒரு விளையாட்டு வைத்தேன். வராந்தா திரும்பும் இடத்தில் ஒருவர் கை இன்னொருவர் மூக்கில். அதிகாரம் செய்யப் போன நானும் நாற்பது கைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டேன். எப்படியோ உள்ளே வந்து சேர்ந்தோம். எல்லாக் கைகளும் காட்டியது பின் சுவரை.

அதாவது, கரும்பலகை இருப்பது தெற்குச் சுவரில். போன ஜூனிலிருந்து நான் டெல்லியைத் தெற்கே மாட்டிவைத்து வடக்கு வடக்கு என்று கத்திக்கொண்டிருந்திருக்கிறேன். வடக்கு பாவம், பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் சும்மா நின்றிருக்கிறது.

மேப்பைக் கழற்றித் தரையில் விரித்தேன். டெல்லி பின் சுவர்ப் பக்கம், கன்னியாகுமரி கரும்பலகைப் பக்கம். எல்லாரும் பின் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தால்தான் சரியாக வரும். பெஞ்சுகளைத் திருப்பினோம். சத்தம் கேட்டு ஆயா கன்னியம்மா அக்கா ஓடிவந்து, "இன்னா மிஸ், வூடு மாத்துறியா?" என்றது.

பிப்ரவரி 13, வியாழன்

எச்.எம். மேடம் வகுப்பை எட்டிப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தார். "நாளைக்கு சார் வர்றதுக்குள்ள பெஞ்செல்லாம் பழையபடி இருக்கட்டும் கிறிஸ்டி. அவர் வந்து பசங்க முதுகையா பாப்பாரு?"

நியாயம்தான். மேப்பை மாட்டி, திஸ்பூர், இட்டாநகர் என்று ஒப்பிக்க வைத்தால் ஆபத்தில்லை. சார் தலையாட்டுவார், என் பீரியட் பிழைக்கும். பிழைக்குமா?

ராத்திரி சாப்பிடும்போது டெனிஸிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், ஃபேன் உட்பட. கிண்டல் பண்ணுவார் என்று காத்திருந்தேன். பண்ணவில்லை. "திருப்பிப் போட்டுடு. ஆனா அந்த ஜீவிதா பொண்ணு மறுபடி கடல் எங்கன்னு கேட்டா என்ன சொல்லுவ?" என்றார்.

பெஞ்ச் இருந்த மாதிரியே இருக்கட்டும். வருவது வரட்டும். யு.கே.ஜி.யில் என்ன, சின்னச் சின்ன நாற்காலி.

பிப்ரவரி 14, வெள்ளி

வீடு வந்ததும் முதல் வேலையாக இதை எழுதுகிறேன்.

சார் வந்தார், பின்னாலேயே எச்.எம். மேடம் வந்தார். திரும்பியிருந்த பெஞ்சுகளைப் பார்த்த மேடம் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! சார் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "டெல்லி எங்க இருக்கு?" என்று கேட்டார். மேப்பில் தொட்டுக் காட்டச் சொல்கிறார். என் பிள்ளைகள் என்ன செய்தார்கள்? மொத்தமாக எழுந்து வராந்தாவுக்கு ஓடினார்கள்.

"ஏய்! டேய்! எங்கடா போறீங்க!" யார் காதிலும் விழவில்லை.

ஏஞ்சல் மட்டும் திரும்பி வந்து சார் கையைப் பிடித்து இழுத்தாள். "இங்கேருந்து தெரியாது சார், வெளிய வாங்க." தாளாளர் கையை!

வராந்தாவில் எல்லாரும் தண்ணி டேங்க்கைக் காட்டி ஒரே நேரத்தில் பேசினார்கள். "நேரா போனா பல்லாவரம் சார்." "அப்புறம் ஆந்திரா வரும்." "நிறுத்தாம போனா டெல்லி!" "ட்ரெயின்லதான் போணும் சார், இட்லி கட்டிக்கினு." இது ஜீவிதா.

சாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எனக்கு ஊரு நாகர்கோவில். கன்னியாகுமரிக்குப் பக்கத்துல. அது எங்க?" எல்லாரும் சட்டென்று திரும்பிக் கேட்டைக் காட்டினார்கள்.

"அந்தப் பக்கமா?" சார் கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "நான் டேங்க் பக்கம்னு நெனச்சிட்டிருந்தேனே."

"இல்ல சார், அது டெல்லி" என்றாள் ஏஞ்சல், ரொம்பப் பொறுமையாக.

முடிவு எதுவும் சொல்லாமல் போய்விட்டார்.

பிப்ரவரி 17, திங்கள்

ஒரு தகவலும் இல்லை.

பிப்ரவரி 19, புதன்

இன்றும் இல்லை. கிரீஷ் பிஸ்கட்டை நீட்டினான். பசிக்கவில்லை என்றேன். "உங்க மேப்ப தரையிலயே விட்டுவைங்க மிஸ். ரோபோ கார கன்னியாகுமரியிலேருந்து டெல்லிக்கு ஓட்டிப் பாக்கணும்" என்றான். ஆசையைப் பார்! தருகிறேன், ஆனால் என் பீரியடில் இல்லை என்றேன். என் பீரியட் என்று ஒன்று இருந்தால்.

பிப்ரவரி 21, வெள்ளி

வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது கன்னியம்மா அக்கா மூச்சு வாங்க வந்து வாசலில் நின்றது.

"மிஸ், சாரு ரூம்புல கீற மேப்ப கழட்டி வேற செவுத்துல மாட்டணுமாம். வடக்கு செவுரு எதுன்னு உன்னாண்ட கேட்டுகினு வரச் சொன்னாரு. சீக்கிரம் சொல்லு, சுத்தியல வெச்சிகினு நிக்கறாரு மனுஷன்."

நான் கையை நீட்டினேன். யோசிக்கவே இல்லை, கை தானாகப் போயிற்று. அப்புறம்தான் பார்த்தேன், வகுப்பு முழுக்க நாற்பது கைகள் அதே பக்கம் நீண்டிருந்தன. ஃபேனை யாருமே காட்டவில்லை.

அக்கா திரும்பிப் போய்விட்டு மறுபடி வந்தது. "அய்ய, மறந்தே பூட்டேன். எச்.எம். அம்மா சொல்லச் சொன்னாங்க. ரோபோ சனிக்கெழம தனியா வெச்சிக்குவாங்களாம். உன் கிளாஸு நாலும் உனக்குத்தானாம்."

இதை முதலில் சொல்லியிருக்கக் கூடாதா அக்கா!

பிப்ரவரி 22, சனி

பாரிமுனைக்குப் போய்த் தரையில் விரிக்க ஒரு பெரிய மேப் வாங்கினேன். மிதித்தாலும் கிழியாதாம். கிரீஷின் காரும் ஓடலாம்.

சாயங்கால ட்ரெயினில் தாம்பரம். டெனிஸ் மேற்குப் பக்கம் நிற்கிறேன் என்று சொல்லியிருந்தார். மேம்பாலப் படி ஏறி நடுவில் நின்றேன். சாயும் வெயிலில் கண் கூசுகிற பக்கமாக இறங்கினேன்.

பைக்கில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். கையில் போன், எனக்கு அழைக்கத் தயாராக. என்னைப் பார்த்ததும் அதைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.