ஒன்பது தாள்களின் பின்பக்கம்

2025 ஜூன் 14, சனி. காலை 10.20. மொத்தம் 63.

பெரியப்பாவின் டிரங்குப் பெட்டியில் இருந்த கல்வெட்டுப் படிகளின் எண்ணிக்கை இது. இரண்டு முறை எண்ணிவிட்டேன். கல்லில் ஈரத்தாளை ஒட்டி, பிரஷால் தட்டி, மேலே மை ஒற்றி எடுத்த தாள்கள். ஒவ்வொன்றின் மூலையிலும் ஊர், தேதி, ‘ப. சங்கிலிமுத்து’ என்று கையெழுத்து. எட்டாவது வரை படித்து, சிவகாசி அச்சகத்தில் கட்டிங் மெஷின் ஓட்டியவர், தானாகவே வட்டெழுத்துப் படித்து முப்பது வருடம் டிவிஎஸ்ஸில் அலைந்து எடுத்தவை.

ஜூலை 6-ல் அவர் இறந்து வருஷம் திரும்புகிறது. அன்றைக்கு இதெல்லாம் புத்தகமாக வரவேண்டும் என்பது பெரியம்மா வேலுத்தாயின் ஆசை. பிரிண்டிங் டெக்னாலஜி படித்தவன் வீட்டில் நான் ஒருவன்தான். வேலை என் தலையில். வரலாறு எனக்குப் பிடிக்காது. ஸ்கேன், பிளேட், பிரிண்ட், பைண்டிங். இருபத்திரண்டு நாள் தாராளம்.

ஜூன் 16

எண் 41 — காரியாபட்டிப் பக்கத்துக் கல். 12.6.2014. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. புதையல் தோண்ட வந்தவன் என்று ஊரே சேர்ந்து அவரைப் புளியமரத்தில் கட்டிவைத்தது. கட்டுண்டபடியே கல்லில் இருந்ததைச் சத்தமாக வாசித்தாராம். அவர்கள் கண்மாயின் பேர் அதில் வந்ததும் அவிழ்த்துவிட்டு மோர் கொடுத்தார்களாம்.

கடைசி நோட்டில் கடைசி வரி: ‘ஆமத்தூர் மடைக்கல் — இன்னும் படி எடுக்கவில்லை.’

ஜூன் 17

எங்கேயோ இடிக்கிறது.

41-ஐ ஸ்கேனரில் வைக்கத் திருப்பினேன். பின்பக்கம், இன்னும் வெட்டாத தினசரிக் காலண்டர் முழுத்தாள். முதல் கட்டத்தில், 2022 ஜனவரி 3, திங்கள்.

பெரியப்பா தாளுக்கு எங்கேயும் போனதில்லை. கலர் செட் ஆகும்வரை மெஷினில் ஓடிக் கழிகிற தாளைத்தான் அள்ளிக்கொண்டு போவார். 2022 காலண்டர் என்றால், அதன் மாதிரி ஆல்பம் வெளிவருவதே 2021 ஆடிப்பெருக்குக்குத்தான். அந்தத் தாளில் 2014-ல் எப்படிப் படி எடுக்க முடியும்?

பெட்டி முழுவதையும் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். இப்படி ஒன்பது இருக்கின்றன.

அப்போ புளியமரக் கதையும் புளுகா?

ஜூன் 18

டென்சிட்டோமீட்டரில் மை அடர்த்தி பார்த்தேன். 54 தாளில் ஒரே சீர். இந்த ஒன்பதில் திட்டுத்திட்டாக, ஓரிடத்தில் அப்பி, ஓரிடத்தில் ஒன்றுமே இல்லாமல். இது அவர் கையே இல்லை. யாரையோ வைத்துப் போலி செய்திருக்கிறார்.

முன்னுரை எழுதப்போகிற லட்சுமிகாந்தம் சார், ரிட்டயர்டு வரலாற்று வாத்தியார், போன் செய்தார். “அசல் படியக் கண்ணால பாத்துட்டுத்தான் தம்பி எழுதுவேன்.” 28-ம் தேதி வருகிறார். திருப்பிப் பார்த்தால் முடிந்தது. பெரியப்பாவின் மற்ற 54-ஐயும் ஒருத்தனும் நம்பமாட்டான்.

ஜூன் 19

விருதுநகர் போனேன். அப்துல் ஹக்கீம் பாய், பேப்பர் கடை வைத்திருப்பவர், பெரியப்பாவோடு பாதி ஊர் சுற்றியவர். ஒன்பது ஊர்ப் பெயரையும் நீட்டினேன்.

“நீ என்ன சிபிஐயா, மாரிக்கண்ணா?”

“2021-க்கு அப்புறம் இந்த ஊருகளுக்கு நீங்க போனீகளா பாய்?”

“இல்ல. அப்ப என்னையக் கழட்டி விட்டுட்டாரு.”

“வேற யாரோட போனாரு?”

“டீ ஆறுது, குடி. சொல்லாதன்னு சொல்லிட்டுப் போன மனுசன். நான் எப்பிடிச் சொல்ல?”

சொல்லாதே என்றாரா? எதை?

ஜூன் 22, ஞாயிறு

காரியாபட்டிப் பக்கம் போய்க் கல்லையே பார்த்துவிட்டேன். கல் இருக்கிறது. போனில் போட்டோ எடுத்து எழுத்து எழுத்தாக ஒத்துப் பார்த்தேன். பிசகே இல்லை. அப்புறம் எதற்கு அந்தத் தேதி?

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாள் கேட்டாள். “புளியமரத்துல கட்டிவச்சோமே, அந்த மீசைக்காரருக்கு நீக சொந்தமா?”

ஆக, புளியமரம் நிஜம். தலையாட்டினேன்.

“கொரோனாவுக்குப் பெறகும் வந்தாரே. கூட ஒரு பொம்பளை. முக்காட்ட எடுக்கவேயில்ல, ஒரு வார்த்தை பேசல. அந்தம்மா கல்லுகிட்ட உக்காந்திருக்க, இவரு கொடை பிடிச்சுக்கிட்டு நிக்காரு! எங்க வீட்டாளு ஒருநா எனக்குப் பிடிச்சதில்ல.”

ஓ. இதுதானா விஷயம்.

2021 பங்குனியில் விஸ்வநத்தத்துப் பட்டாசுக் கம்பெனித் தீயில் கை வெந்ததிலிருந்து பெரியம்மா வாசலைத் தாண்டியதில்லை, கோயிலுக்குக்கூட வருவதில்லை என்று அம்மா சொல்வாள். நான் அப்போது ஒசூரில் வேலை. ஒருநாள் ஆஸ்பத்திரியில் பார்த்ததோடு சரி. அவள் வீட்டில் முடங்கிக் கிடக்க, இந்த ஆள் எவளுக்கோ குடை பிடித்திருக்கிறார். ஊரெல்லாம் ‘பொண்டாட்டின்னா உசுரு’ என்று பேர் வேறு.

ஜூன் 23

ஒன்பதையும் கிழித்துப் போட்டால் 54. யாருக்குத் தெரியும்?

ஜூன் 25

கிழிக்கவில்லை. முதலில் பெரியம்மாவிடம் சொன்னேன், ஒன்பது படி புத்தகத்தில் வராது என்று மட்டும். எதெது என்றாள். ஊர்ப் பெயர்களை வாசித்தேன். இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்திருந்தவள் அதைக் கீழே வைத்தாள்.

“என் கை சரியில்லன்னு தெரியும்லே. ஆனா கல்லு சரிதான?”

எனக்கு முதலில் விளங்கவே இல்லை. மரமண்டை!

வெந்த விரல்கள் உள்ளங்கையோடு சுருண்டு ஒட்டிவிட்டன. ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னார் டாக்டர். “நான் என்ன பச்சப்பிள்ளையான்னு வீசிட்டேன்.” பெரியப்பா மை ஒற்றுகிற துணிப்பொதியை அவள் கையில் வைத்துக் கட்டி, கல்லின் முன்னால் உட்கார வைத்திருக்கிறார். கையை யாரும் பார்க்கக் கூடாது என்றதால் விடியுமுன் கிளம்புவார்களாம். முதல் கல்லில் ஏழு தாள் கிழிந்தது. ஒன்பதாவது கல்லில் கட்டில்லாமல் அவளே பிடித்தாள்.

“தேதி ஏன் பெரியம்மா பழசு?”

“கண்டுபிடிச்ச தேதியத்தான் போடணும்னாரு. என் பேரப் போட்டா வண்டியில ஏறமாட்டேன்னு நாந்தான் சொன்னேன்.”

“அவரு 2014-ல எடுத்த படி?”

“நான் எடுத்தது வரவும், அவரு எடுத்ததக் கிழிச்சு அடுப்புல வச்சுட்டாரு. கிறுக்கு மனுசன்.”

முப்பது வருடம் கல்லுக்காக அலைந்தவன் நல்ல படியை அடுப்பில் வைப்பானா? வைத்திருக்கிறார். இப்போதும் எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

பெரியம்மா என் முகத்தையே பார்த்தாள். “நீ வேற எவளையோ நெனச்சுட்ட, என்னலே?” சிரித்தாள். நான் வண்டிச் சாவியைத் தேடுகிற மாதிரி எழுந்துவிட்டேன்.

ஜூன் 26

செய்ய வேண்டியவை:

1. ஒன்பது படிகளின் பின்பக்கக் காலண்டரையும் ஸ்கேன் செய்து, எதிர்ப்பக்கத்தில் போடுவது.
2. கல்லைக் கண்ட தேதி தனி, படி எடுத்த காலம் தனி.
3. ‘படி எடுத்தவர்: ச. வேலுத்தாய்.’ திட்டினாள். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.
4. லட்சுமிகாந்தம் சார் திருப்பிப் பார்க்குமுன் நானே சொல்லிவிடுவது. முன்னுரை தராவிட்டால், முன்னுரை இல்லாமல்.
5. ஹக்கீம் பாயிடம் போய்க் குடிக்காமல் வந்த டீயைக் குடிப்பது.
6. ஞாயிறு, ஆமத்தூர் மடைக்கல். 64-வது. விடியுமுன் கிளம்புவோமா என்று கேட்டேன். “எட்டு மணிக்குப் போவோம்லே. வெளிச்சத்துல எழுத்து நல்லாத் தெரியும்” என்றாள்.