சிம்ரன் கொட்டிய ஏலக்காய்

போடி
வியாழக்கிழமை

அன்பு மகன் கிங்ஸ்லிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் இரக்கத்தால் நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் படியேறும்போது முரண்டு பிடிக்கிறது. ஆக்லாந்தில் குளிர் தொடங்கிவிட்டது என்று மருமகள் ஷெரின் சொன்னாள், உங்கள் யாருக்கும் நெஞ்சில் சளி கட்டாமல் இருக்க ஜெபிக்கிறேன். போன வாரம் போனில் நீ என்னைப் பேசவே விடவில்லை, அதனால்தான் கடிதம். இதில் நீ குறுக்கே பேச முடியாதல்லவா.

குடும்ப வாட்ஸப்பில் சுற்றிய படத்தைப் பார்த்துவிட்டுத்தானே நான் நடத்தும் பிள்ளைகள் அறையை மூடச் சொன்னாய். படம் பொய்யில்லை. நம் ஏலக்காய்க் கடையின் பின்னறையில் நாலு வயது சிம்ரன் சல்லடையில் காய் சலித்துப் பெரிசு சிறிசு பிரிக்கிறாள். யாரோ அதை ஜன்னல் வழியாக எடுத்து, வியாபாரி ஞானசிகாமணி வீட்டில் பச்சைப் பிள்ளைகளை வேலை வாங்குகிறார்கள் என்று எழுதிப் போட்டுவிட்டார்கள். அப்பா இரண்டு நாள் கடையே திறக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கும் வரவில்லை.

நான் ஏன் காயை வைத்தேன் என்று நீ கேட்கவே இல்லை. காலை ஆறு மணி ஜீப்பில் இந்தப் பிள்ளைகளின் தாய்மார் மலைக்குக் காய் பறிக்கப் போனால் சாயங்காலம்தான் இறங்குகிறார்கள், அதுவரை பிள்ளைகள் என்னிடம்தான். இன்று மாண்டிசோரி என்று போர்டு மாட்டி வசதிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிற படிப்பு பிறந்ததே இப்படிப்பட்ட பிள்ளைகளிடம்தான். ரோமில் கூலிக்காரர்கள் குடியிருந்த கட்டடத்தில், பெற்றோர் வேலைக்குப் போனபின் சுவரைக் கிறுக்கித் திரிந்த பிள்ளைகளிடம் மாண்டிசோரி என்ற டாக்டரம்மா சாமான்களைக் கொடுத்துவிட்டு, தள்ளி நின்று பார்த்தார். யுத்த காலத்தில் அவர் இங்கே கொடைக்கானலிலும் இருந்திருக்கிறார். அவருக்கு மரக்கட்டை, எனக்கு ஏலக்காய். சல்லடை மாறினால் காய் நிற்காது, தப்பை அதுவே காட்டிக்கொடுக்கும், நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை. எனக்கு அதுதான் பெரிய கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

யாரோ கொடுத்த புகாரை விசாரிக்கச் செவ்வாய்க்கிழமை தொழிலாளர் ஆபீசிலிருந்து லிங்கேஸ்வரன் என்று ஓர் அதிகாரி வந்தார், நல்ல மனிதர். சிம்ரன் பக்கத்தில் குனிந்து, ஆத்தா, ஒன்னய யாரு இதச் செய்யச் சொன்னாக என்று கேட்டார். ஆருஞ் சொல்லல, நீங்க அங்கன தள்ளி நில்லுங்க, வெளிச்சத்த மறைக்குது என்றாள். தள்ளித்தான் நின்றார், அரைமணி நேரம். மூன்று தட்டிலும் பிரித்து முடித்ததும் அவள் மூன்றையும் ஒரே சொளகில் கொட்டிக் கலக்கிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். அவர் பேனாவை மூடி, பிரிச்சதையெல்லாம் கலைச்சுப்போடுற வேலையாள எந்த மொதலாளி வச்சுக்கிருவாம்மா என்றார். ஆனாலும் புகார் இருப்பதால் திங்கட்கிழமை ஆபீசுக்கு வந்து விளக்கம் சொல்ல வேண்டுமாம், மேலே உள்ளவர்கள் ஏற்காவிட்டால் அறையைப் பூட்டத்தான் வேண்டுமாம். காய்க்குப் பதிலாப் பிளாஸ்டிக் மணிய வச்சுத் தொலையேன் என்கிறார்கள் அப்பா. சிம்ரனின் தாய் சொர்ணலதாவோ, டீச்சர், நீங்க பேசாம ஏபிசிடி எழுதச் சொல்லிக் குடுத்திருந்தா இந்த வம்பே வந்திருக்காதுல்ல என்று என்னைத்தான் ஏசினாள், ஏசிவிட்டுத் திங்கட்கிழமை ஜீப்பை விட்டுவிட்டு என்னோடு வருகிறேன் என்றும் சொல்லிவிட்டாள். சல்லடையையும் காயையும் கையோடு எடுத்துக்கொண்டுதான் போகப்போகிறோம்.

எனக்கு ஏன் இந்தப் பிடிவாதம் என்றும் சொல்லிவிடுகிறேன். மூன்றரை வயதில் நீ இடது கையில் பென்சில் பிடித்தாய். பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்குள் திருத்திவிட வேண்டும் என்று அந்தக் கையைத் துண்டால் நாற்காலியோடு கட்டிவைத்து, வலது கையால் எழுதவைத்தேன். ஒரே வாரத்தில் எழுதிவிட்டாய், நானும் பெருமையாக வந்தவர்களிடமெல்லாம் காட்டினேன். அதற்குப் பிறகு நீ எதை எடுப்பதானாலும் முதலில் என் முகத்தைப் பார்த்தாய். படிப்பும் வேலையும்கூட அப்படித்தான் எடுத்தாய். அது எனக்குப் புரிய முப்பது வருஷம் ஆயிற்று, என்னை மன்னித்துவிடு மகனே. போன வாரம்தான் முதன்முதலாக நீ என்னை எதிர்த்துப் பேசினாய். கோபம் வந்தது, போனை வைத்த பிறகு சந்தோஷமாகவும் இருந்தது. ஆனாலும் அறையை மூடமாட்டேன்.

ஆண்டவர் உங்கள் மூவரையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக. பேத்தி ஜாய்ஸ் இடது கையால் சாப்பிடுகிறாள் என்று ஷெரின் வருத்தப்பட்டாள். அந்தக் கையை யாரும் தொட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

இப்படிக்கு
உன் அம்மா
ஜெபராணி