முருகன் காத்த கத்திரிக்காய்

அண்ணே,

அந்த ஞாயிற்றுக்கிழமை உன் தோட்டத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். நீ, நான், பக்கத்துத் தோட்டத்துக் காளிமுத்து, ஜுருவிலுள்ள தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டு லீவு நாளில் உனக்கு மண்வெட்டி பிடிக்க வந்த வங்காளதேசத்து ரஃபிக். பம்ப் கொட்டகையில் மாட்டியிருந்த முருகன் படத்தையும் சேர்த்தால் ஐந்து. யார் மாற்றிச் சொன்னாலும் நம்பாதே. எனக்கு மறதி கிடையாது.

இன்று காலை என் ஐந்தாம் மாடி வீட்டு வாசலில், பெயிண்ட் டின்னில் வளர்க்கும் கத்திரிச் செடியில் ஒரு குருத்து வாடித் தொங்கியது. கிள்ளினேன். விரலில் அந்தப் பச்சை நாற்றம் ஏறியதும் உன்மேல் கோபம் வந்துவிட்டது. நீ போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. கோபத்துக்கு அது தெரியவில்லை.

அப்போது நீ தைப்பூச விரதத்தில் இருந்தாய். கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்ததற்காக, முதல் பறிப்புக் கத்திரிக்காயைத் தண்ணீர்மலை முருகன் கோயில் பந்தலில் அன்னதானத்துக்குக் கொடுப்பதாக வேண்டுதல். பூ வைக்கிற நேரம் பார்த்துப் புழு குருத்தைத் துளைத்துவிட்டது.

"ஒரே அடி அடிங்கண்ணே, சுத்தமாயிரும்லா," என்றான் காளிமுத்து, மருந்து டேங்க்கை முதுகிலிருந்து இறக்காமலே.

"சாமிக்குக் குடுக்கிற காயில விஷமா?" என்றாய் நீ.

ரஃபிக் மண்வெட்டியை ஊன்றி நின்றான். நம்மோடு பழகித் தமிழ் பேசுவான். "எங்க ஊர்ல அப்பா வேற விதை போடறாரு அண்ணே. மரபணு மாத்தின கத்திரி. கடிச்சா புழுதான் சாவும். முன்னாடி மருந்து அடிச்சு அடிச்சு அப்பா கையெல்லாம் புண்ணு. இப்ப இந்தப் புழுவுக்கு அடிக்கிறதே இல்ல. கேட்டுப் பாக்கவா?"

"வேணாம்பா. செடி வயித்துல விஷத்த வெச்சுத் தைச்ச மாதிரி இருக்கு."

"வெளிய அடிச்சாலும் விஷம், உள்ள இருந்தாலும் விஷம். அப்ப புழுவுக்குப் பொங்கல் வெச்சுப் போடுங்க," என்று காளிமுத்து சிரித்தான். "ஆனா அந்த விதை எனக்கும் வேணாம். அடுத்த தடவை நம்ம காயிலேர்ந்து விதை எடுக்க விடுவானுங்களா?"

"அப்பா எடுத்து வெக்கிறாரே!" என்றான் ரஃபிக்.

எனக்குப் பொறுக்கவில்லை. "வாடின குருத்தக் கிள்ளி நசுக்குனா முடிஞ்சது. இதுக்கு மூணு ஆம்பளைங்க, இவ்வளவு பேச்சு!"

நீ கொட்டகைப் படத்தைக் காட்டினாய். "விரதத்துல உசுரக் கொல்லாத, தங்கச்சி. அவன் பாத்துக்குவான்."

பார்த்துக்கொண்டுதான் இருந்தான். தினமும் நீ குளித்துப் பூசை முடித்து வருவதற்குள், கால்வாய் ஓரத்து இரண்டு வரிசையில் நான் குனிந்து குனிந்து கிள்ளினேன். கிள்ளியதைச் சவர்க்காரத் தண்ணீர் டின்னில் அமுக்கினேன். அண்ணன் கூடை நிறையாமல் பந்தலில் தலைகுனிந்து நிற்கக்கூடாது என்று, உன் விரதத்தில் விழ வேண்டிய பாவத்தை என் கணக்கில் வாங்கிக்கொண்டேன்.

அந்த இரண்டு வரிசைதான் உன் கூடையை நிறைத்தது. மற்றதெல்லாம் ஓட்டை. பந்தலில் காய் நறுக்கிய பெண்கள், "ஒரு சொத்தை இல்லையே!" என்றார்கள். நீ நெஞ்சை நிமிர்த்தினாய். "மருந்தும் இல்ல, மாத்துன விதையும் இல்ல, ஒரு புழுவக்கூட கொல்லல. எல்லாம் முருகன்!" பக்கத்தில் நின்ற என் நகத்தில் கறை போகவே இல்லை. நீ பார்க்கவில்லை. புதுக் கண் வேறு.

அதோடு விட்டாயா? பசார்ச் சந்தைக்குக் காய் கொண்டுவருகிற ஆட்களிடம் ஒருவர் விடாமல் சொன்னாய். அடுத்த வருடம் காளிமுத்து மருந்து டேங்க்கைக் கழுவிக் கவிழ்த்தான். விரதம் இருந்தான். புழுவைத் தொடவில்லை. பாத்தி முழுக்கப் போயிற்று. உன் வீட்டுக்கு வந்து தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "என் விரதத்துலதான் ஏதோ குறை போல இருக்குண்ணே," என்றான். நீயும், "மனசு சுத்தமா இருக்கணும்பா," என்று புத்தி சொன்னாய். எனக்கு உண்மை வாய் வரை வந்தது. உன் முகத்தைப் பார்த்தேன். காப்பியைக் கலக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

கடைசியில் ஆஸ்பத்திரியில் நான் கஞ்சி ஊட்டும்போதும் நர்ஸிடம் அதே கதை. என் கையில் கரண்டி. உன் வாயில் முருகன்.

போன வாரம் காளிமுத்துவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அந்த ரஃபிக் சொன்ன விதையவாவது கேட்டிருக்கலாமேக்கா," என்றான். கேட்டிருக்கலாமோ என்னவோ. எனக்கு விதையும் தெரியாது, விஞ்ஞானமும் தெரியாது. என்னிடம் இருப்பது இந்தக் கட்டைவிரல் நகம்தான். இப்போதும் கிள்ளுகிறேன், விரதத்திலும் கிள்ளுகிறேன்.

உன்னை மன்னித்துவிட்டேன், செத்தவனோடு எவ்வளவு நாள் சண்டை போடுவது? வாய் திறக்காத என்னைக் காளிமுத்து மன்னித்தால் போதும். ஆனால் அத்தனை காலையும் கொட்டகையில் தொங்கிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, கடைசியில் பேரை மட்டும் வாங்கிக்கொண்டானே அந்த ஐந்தாவது ஆள், முருகன், அவனை மன்னிக்க மாட்டேன்.