கண்ணாடிக் கடையைப் பற்றிப் பத்து நிமிடம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை. அப்பா, தெருவில் போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தி, "என் பையன் யுனிவர்சிட்டில இருக்கான்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நீ இருப்பது வெளிநாட்டுப் பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்குத் தயார் செய்கிற ஒரு வருஷ வணிகப் படிப்புதான், பல்கலைக்கழகம் இனிமேல்தான் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். அவர் காதில் ஏறவில்லை. நானும் விட்டுவிட்டேன்.

இந்தக் காலத்தில் காகிதமும் பேனாவுமா என்று சிரிப்பாய். காரணம் இருக்கிறது. இதுவரை நீ அனுப்பிய வகுப்புக் கேள்விக்கெல்லாம் போனில் தட்டித்தான் பதில் அனுப்பினேன். நீ ஒரு வரிகூடப் படிக்காமல் அப்படியே எடுத்து ஒட்டி, உன் பெயரைப் போட்டுக் கொடுத்துவிட்டாய். கையால் எழுதினால் படித்துத்தானே ஆக வேண்டும்? போனில் பேசலாம் என்றால் அம்மா பக்கத்தை விட்டு நகர மாட்டேன் என்கிறாள். நாம் செய்துவருவது தெரிந்தால் அப்பாவிடம் சொல்லாமல் அவளுக்குத் தூக்கம் வராது.

நீ கடைசியாக அனுப்பிய செய்தியைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தெரிந்த ஒரு சின்ன வியாபாரத்தைப் பற்றி எழுதச் சொன்னார்கள் என்றாய். எனக்குத் தெரிந்தது நான் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடைதான், அதை எழுதினேன். அது உங்கள் டீச்சருக்குப் பிடித்துப்போய், அதையே வகுப்புக்கு முன்னால் நின்று பத்து நிமிடம் பேசு, அதன் பிறகு கேள்வி கேட்பேன், அதுதான் இறுதித் தேர்வு என்று சொல்லிவிட்டார். அதில் தேறினால்தான் பல்கலைக்கழகத்தில் இடம். நீ என்னடா என்றால், "அக்கா, என்னென்ன கேப்பாங்கன்னு நீயே யோசிச்சு, பதிலையும் எழுதி அனுப்பிடு" என்கிறாய். அடேய் சோம்பேறி, அந்தக் கடைக்கு நீ எத்தனை தடவை வந்திருக்கிறாய்? நான் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க ஒரே ஒரு தடவை. அதுவும் வாசலோடு சரி.

உனக்குப் பதிலே போடக்கூடாது, பட்டால்தான் புத்தி வரும் என்றிருந்தேன். அப்புறம் அப்பாவைப் பார்த்தேன். நீ தோற்றுத் திரும்பி வந்தால் அவர் அந்தத் தெருவில் எப்படி நடப்பார் என்று நினைத்ததும் மனசு கேட்கவில்லை. உட்கார்ந்துவிட்டேன். கேள்.

கடை நீளமானது, அகலம் போதாது. இரண்டு சுவரிலும் ஃபிரேம்கள். பின்னால் தடுப்புக்கு அந்தப் பக்கம் லென்ஸ் வெட்டுகிறவர் உட்கார்ந்திருப்பார். அந்த மெஷின் ஓடினால் யார் பேசுவதும் கேட்காது, அதனால் நாங்கள் எல்லோருமே வீட்டில்கூடக் கத்தித்தான் பேசுவோம். முதலாளி கல்லாவில். ஃபிரேம் எடுத்துக் காட்டுவது நான்.

இதை மட்டும் ஒழுங்காக மண்டையில் ஏற்று. புது ஃபிரேமைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்றால் பழைய கண்ணாடியைக் கழற்ற வேண்டும். புதிதில் இருப்பது வெறும் பிளாஸ்டிக், பவர் கிடையாது. எதிரே முகம் பார்க்கிற கண்ணாடி எவ்வளவு பெரிதாக மாட்டியிருந்து என்ன பிரயோஜனம்? தன் முகமே மங்கலாகத்தான் தெரியும். மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டே போவார்கள், கண்ணைச் சுருக்குவார்கள், கடைசியில் என் பக்கம் திரும்பி, "நல்லாருக்கா?" என்பார்கள். பாவமாக இருக்கும். அந்த ஒரு நிமிடம் அவர்களுக்கு என் கண்தான் கண். விலை கூடினதைத் தலையில் கட்டினால் அன்றைக்கு லாபம். வீட்டுக்குப் போய், பவரோடு தன் முகத்தைப் பார்த்துப் பிடிக்காமல் போனால், அந்த ஆள் மறுபடி நம் கடைப் படி ஏற மாட்டார். ஒரு நர்ஸம்மாவிடம் ஒரு தடவை, "இது வேண்டாம்மா, உங்க முகத்தையே மறைக்குது" என்று சொல்லி விலை குறைந்ததைக் கொடுத்தேன். முதலாளி முறைத்த முறைப்பு இன்னும் நினைவிருக்கிறது. பிறகு அந்தம்மா தன்னோடு வேலை செய்கிறவர்களை ஒவ்வொருவராக அனுப்பிவைத்தார். முதலாளி அவர்களுக்கெல்லாம் சிரித்துக்கொண்டே பில் போட்டார்.

கட்டுரையில் இதை எழுதிய இடத்தில்தான் உங்கள் டீச்சர் ஓரத்தில், 'இதை நீ எப்படிக் கவனித்தாய்?' என்று சிவப்பில் எழுதியிருக்கிறார். நீ அதைப் படம் எடுத்து அனுப்பினாயே, அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மேலே உன் பெயர் இருக்கிற இடம் வந்ததும் நிறுத்திக்கொள்வேன்.

உன் மேல் கோபமில்லை என்று எழுதினால் அது பொய். நம் இருவருக்கும் அந்தப் படிப்பில் இடம் கிடைத்தபோது, "முதல்ல அவன் போகட்டும், ஒரு வருஷம்தானே, அடுத்து நீ" என்று அப்பா சொன்னதை நீயும் கேட்டாய். போன வாரம் மெல்லக் கேட்டுப் பார்த்தேன். சாப்பிட்டுக்கொண்டே, "அவன் டிகிரிய முடிக்கட்டும்மா, பாக்கலாம்" என்றார். தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அங்கே சேரக் காட்ட வேண்டிய என் ஆங்கிலத் தேர்வுச் சான்றிதழ் இரண்டு வருஷம்தான் செல்லும். போன மாதம் அது காலாவதியாகிவிட்டது. வீட்டில் யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கவும் இல்லை. கடையில், பின்னால் ஃபிரேம் பெட்டி அடுக்குகிற அறையில் போய் அழுதுவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமைதான் உன் கேள்வி வரும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அதே அறையில் உட்கார்ந்து படிப்பேன். வாடிக்கையாளர் ஏன் திரும்பி வருகிறார், ஒரு பொருளுக்கு எப்படி விலை வைக்கிறார்கள், நஷ்டம் என்று தெரிந்தும் ஒரு கடையை ஏன் மூடாமல் இருக்கிறார்கள். அன்றைக்கு முழுக்கக் கை வேலை செய்யும், மனசு உன் வகுப்பில் இருக்கும். நீ என்னை வேலை வாங்குவதாக நினைத்திருப்பாய். எனக்கு வாரத்திலேயே நல்ல நாள் அதுதான்டா. உன் படிப்பு முடிந்தால் அதுவும் முடிந்தது.

பதில்களை எழுதி அனுப்பப் போவதில்லை. அம்மா கோயிலுக்கோ கடைக்கோ போகும் நேரம் பார்த்துச் சொல்கிறேன், கூப்பிடு. ஒவ்வொன்றாகக் கேட்பேன், உன் சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும். திணறினால் திட்டுவேன். அங்கே போய் நிற்கப்போவது நீதான்.

ஆனால் அந்த டீச்சர் வாயைத் திறந்து, இதை எப்படிக் கவனித்தாய் என்று கேட்டால், நானே கவனித்தேன் என்று மட்டும் சொல்லிவிடாதே. "எங்க அக்கா அந்தக் கடைல வேலை பாக்கறா, அவ கவனிச்சது, எழுதினதும் அவதான்" என்று சொல். அதனால் மார்க் குறையலாம், இடமே போனாலும் போகலாம். போகாது என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. நீ சொல்லாவிட்டாலும் இங்கே யாருக்கும் தெரியப் போவதில்லை, நானும் கேட்க மாட்டேன். தம்பி, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். உன் வகுப்பறையில் ஒரு வார்த்தையாகவாவது நான் இருந்துவிட்டு வருகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. பேசும்போது தரையைப் பார்க்காமல் ஆளைப் பார்த்துப் பேசு. நீ நன்றாக வரவேண்டும், எங்கேயும் தலை குனியாமல் வரவேண்டும்.

உன் மேல் கோபமும் பாசமும் உள்ள,
அக்கா

பி.கு.: மிச்சமிருக்கிற வியாழக்கிழமைகளிலும் கேள்வியை எனக்கு அனுப்பு. பதில் எழுத மாட்டேன். சும்மா படித்துக்கொள்கிறேன்.