நேயர் விருப்பத்தில் அத்தை பெயர்

செவ்வாய், இரவு

வானொலியில் கட்டுரை வாசிக்கப் பள்ளியில் என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அப்பா சம்மதிக்கவில்லை.

"ரேடியோல பேரு வர்றது நம்ம வூட்டுக்கு ஆவாதும்மா."

ஊரிலிருந்து வந்திருந்த அத்தைதான் காரணம் சொன்னாள். அவள் பள்ளியில் படித்தபோது நேயர் விருப்பத்துக்கு ஒரு பாட்டுக் கேட்டு அஞ்சலட்டை போட்டாளாம். பக்கத்துத் தெருப் பையனும் அதே பாட்டைக் கேட்டிருக்கிறான். இருவர் பெயரையும் அடுத்தடுத்து வாசித்துவிட்டார்கள். அப்போது எல்லாத் தறி வீட்டிலும் மீடியம் வேவில் அந்த ஒரே நிலையம்தான். தெருவே கேட்டது, இருவரையும் சேர்த்துப் பேசியது. படிப்பை நிறுத்தி, வாலாஜாபாத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

"அவன் மூஞ்சிகூட எனக்குத் தெரியாதுடி," என்று சிரித்தாள்.

"இப்போ யாருப்பா ரேடியோ கேக்குறாங்க?" என்றேன்.

"நான் கேட்டுக்கினுதானே இருக்கேன்," என்றார் அப்பா.

நாளை டீச்சர் என் இடத்தில் வேறொரு பெண்ணின் பெயரை எழுதிக்கொள்வார்.